நோன்பின் சலுகையும் தாயின் இரத்தமும்

சென்ற ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, தலைப்பிரசவத்திற்காக எங்கள் மகள் தாய்வீடு வந்தாள். ஏழாம் மாதம் முடிந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினாள், முகம் வெளிறியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இது இயல்புதானே என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 கிராம் என்று வந்தது. இந்த மாதங்களில் 11 கிராமுக்குக் குறைந்தாலே இரத்தசோகை; 7க்குக் கீழே இறங்கினால் கடுமையான நிலை. பிரசவத்தில் உதிரப்போக்கு சற்று மிகுந்தாலும் இத்தகைய உடல் தாங்காது என்று மருத்துவர் கூறியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தம் ஏறத்தாழப் பாதியளவு பெருகுகிறது. அதற்கேற்பச் சிவப்பணுக்கள் உருவாக இரும்புச்சத்து வேண்டும். இதற்காகவே 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை, நான்காம் மாதம் முதல் நாள்தோறும் உண்ணுமாறு அரசு வழங்குகிறது. மகளின் பையில் அவை பிரிக்கப்படாமலே கிடந்தன. உண்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னார்களாம்! மலம் கறுக்கும் என்பது உண்மை. குழந்தையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. உணவு முடிந்தவுடன் தேநீர் அருந்தும் எங்கள் வீட்டுப் பழக்கமும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்று அன்றுதான் அறிந்தோம்.

நோன்பு வைக்க வேண்டாம் என்றார் மருத்துவர். மகள் அழுதாள். ஹஜ்ரத்திடம் சென்றோம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அவர் நினைவூட்டினார். "அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் அவனுக்குக் கீழ்ப்படிவதுதான், மகளே! விட்ட நோன்புகளை ஈடுசெய்யும் முறையைப் பிறகு வந்து கேள்" என்றார்.

அந்த ரமலானில் நாங்கள் நோன்பிருந்தவாறே அவளுக்குப் பகலில் சமைத்தோம். முருங்கைக்கீரை, ஆட்டிறைச்சி, பருப்பு, உடன் எலுமிச்சைச் சாறு. மருத்துவமனையில் நரம்பு வழியாகவும் இரும்பு மருந்து செலுத்தினார்கள். பிரசவத்திற்குச் சென்றபோது 10.6 கிராம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் சேயும் நலம்.

ஆயினும் ஒரு வருத்தம் எங்களுக்குள் எஞ்சியிருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். வயிற்றிலிருக்கும் குழந்தை அமானிதம் என்றால் அதைச் சுமப்பவளும் அமானிதமே. உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அவளது ஹீமோகுளோபின் அளவை இன்றே கேட்டறியுங்கள். அவளை முதலில் உண்ணச் செய்யுங்கள். நம் பெண்மக்கள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.