மானியம் வந்த பிறகு

கூட்டாகத் தொழில் தொடங்கியவர்கள் பிரிந்துபோனதை என் வாழ்நாளில் நிறையப் பார்த்திருக்கிறேன். நஷ்டத்தில் பிரிந்தவர்கள் குறைவு. லாபம் கண்ணில் பட்ட பிறகு பிரிந்தவர்களே அதிகம். கையில் காசில்லாத நாளில் கொடுத்த வாக்கு, காசு வந்த நாளில்தான் பாரமாகத் தெரிகிறது. இதைப் பற்றி இளைஞர்களிடம் பேசும்போதெல்லாம் அமெரிக்காவில் பெரியம்மைக்கு மருந்து உருவாக்கிய ஒரு சிறு நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்வது என் வழக்கம்.

என் வயதுக்காரர்களுக்குப் பெரியம்மை பாடப்புத்தகச் செய்தி அல்ல. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டைக் கடக்கும்போது அம்மாவின் பிடி இறுகுவதை நாங்கள் அறிவோம். அந்த நோய்க்கு மருந்து தேடிய முயற்சியில் சென்னைக்கும் பங்குண்டு. 1963இல் மெதிசசோன் என்ற மருந்தைச் சென்னையில் சோதித்தார்கள். நோயாளிகளோடு நெருங்கிப் பழகியவர்களில், மருந்து உண்ட 1101 பேரில் 3 பேருக்குத்தான் அம்மை கண்டது. உண்ணாத 1126 பேரில் 78 பேருக்குக் கண்டது. பின்னால் நடந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. அதற்குள் தடுப்பூசி நோயையே துடைத்துவிட்டது. 1980இல் உலகில் பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நோய் இல்லை என்றால் மருந்துக்கு ஆள் இல்லை. எந்த வியாபாரி அதில் பணம் போடுவான்? ஆனால் 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தடவிய கடிதங்கள் தபாலில் வந்தபோது, யாராவது பெரியம்மைக் கிருமியையும் ஏவிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அரசுக்கு வந்தது. அப்படிப்பட்ட மருந்துக்குச் செலவழிக்க அரசைத் தவிர வேறு யாரும் இல்லை. மக்கள் வரிப்பணத்தை அதற்குக் கொடுத்தது சரி என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். ஒருநாளும் தேவைப்படாமல் கிடங்கிலேயே கிடந்தாலும் அது வீண்செலவு ஆகாது.

அந்த மருந்தின் பெயர் டெகோவிரிமாட். அதை வைத்திருந்த சிகா டெக்னாலஜிஸ் நிறுவனம் 2005ஆம் ஆண்டுக் கடைசியில் கையில் பணம் தீர்ந்து தவித்தது. ஃபார்மதீன் என்ற இன்னொரு சிறு நிறுவனம் கைகொடுத்தது. 2006இல் 30 லட்சம் டாலர் கடன் தந்தது. இரண்டும் ஒன்றாக இணைவது என்றும் ஜூன் மாதம் ஒப்பந்தமாயிற்று. இணைப்பு நடக்காமல் போனால், மருந்தின் உரிமத்தை ஃபார்மதீனுக்குத் தருவது பற்றி நல்லெண்ணத்தோடு பேசி முடிப்பதாகவும் சிகா எழுதிக் கொடுத்தது. அதற்கான நிபந்தனைகள் ஒரு தாளில் இருந்தன. உரிமக் கட்டணம் 60 லட்சம் டாலர்.

செப்டம்பரில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்து சிகாவுக்கு 1.65 கோடி டாலர் மானியம் வந்தது. அக்டோபரில் சிகா இணைப்பை முறித்துக்கொண்டது.

முறித்ததில்கூடக் குற்றமில்லை, ஒப்பந்தக் கெடு கடந்திருந்தது. தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. உரிமம் பற்றிப் பேச உட்கார்ந்தபோது, 60 லட்சம் என்றிருந்த இடத்தில் 10 கோடி டாலர் கேட்டார்கள். அந்தத் தாளின் அடியில் இந்த நிபந்தனைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று ஒரு வரி இருந்தது, அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பொருளின் மதிப்பு ஏறிவிட்டது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்பது மனித இயல்பு. அதைக் கேட்டிருந்தால் எதிராளியும் ஏதோ ஒரு புள்ளியில் ஒத்துவந்திருப்பார். பேசவே விருப்பமில்லாதவன் சொல்லும் விலை வேறு மாதிரி இருக்கும். எந்த ஊர்ச் சந்தையிலும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஃபார்மதீன் வழக்குப் போட்டது. டெலவேர் மாநில நீதிமன்றமும் அதைக் கண்டுகொண்டது. நல்லெண்ணத்தோடு பேசுவதாகக் கொடுத்த வாக்கை சிகா மீறிவிட்டது என்று 2011இல் தீர்ப்பளித்தது. அதே 2011இல் அரசு ஏறத்தாழ 43.3 கோடி டாலருக்கு மருந்து வாங்க ஒப்பந்தம் செய்திருந்தும், வழக்கின் சுமை தாங்காமல் 2014இல் சிகா திவால் பாதுகாப்பு கேட்டு நின்றது. 2015 டிசம்பரில் டெலவேர் உச்ச நீதிமன்றம் ஃபார்மதீனுக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உறுதி செய்தது. வட்டியோடு சேர்த்து சிகா கட்டி முடித்தது சுமார் 21.7 கோடி டாலர். அன்று கிடைத்த மானியத்தைப் போல் 13 மடங்கு!

மருந்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நல்லபடியாகவே வந்து சேர்ந்தது. பெரியம்மை கண்ட மனிதர் எவரும் உலகில் இல்லாததால், குரங்குகளிடமும் முயல்களிடமும் கண்ட பலனையும், நலமாக உள்ள மனிதர்களிடம் பார்த்த பாதுகாப்புச் சோதனையையும் வைத்து 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. பெரியம்மைக்கென்றே அங்கீகாரம் பெற்ற முதல் மருந்து அது. அரசின் பணம் வீணாகவில்லை, ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர்களின் உழைப்பும் வீணாகவில்லை. எனக்கு வருத்தம் அதனால்தான். இவ்வளவு நல்ல வேலையைச் செய்தவர்களின் பெயர், வாக்குத் தவறியவர்களாக நீதிமன்ற ஏட்டில் நிற்கிறது.

இன்று நம் நாட்டிலும் அரசு மானியத்தின் கதவு திறந்திருக்கிறது. மத்திய அரசின் பைராக் அமைப்பு புதுத் தொழில்முனைவோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. உயிரித் தொழில்நுட்பம் படித்த பேரப்பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து விண்ணப்பத்தைப் பற்றி ஆர்வத்தோடு பேசுகிறார்கள். விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் தேவையில்லை. நான் கேட்டுக்கொள்வது வேறு. மானியம் வரும் முன் யாரிடமாவது கடன் வாங்கியிருந்தால், பங்கு தருவதாகச் சொல்லியிருந்தால், மானியம் கிடைத்தால் அந்தப் பேச்சு என்ன ஆகும் என்பதையும் அப்போதே உட்கார்ந்து பேசி எழுதி வையுங்கள். மானியக் கடிதம் வந்த அன்று, நெருக்கடியில் கைகொடுத்தவரை முதலில் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.