அக்கசாலை என்றொரு ஊர்

கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை என்று ஒரு சிற்றூர். அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். பாண்டியரின் நாணயச்சாலை இருந்த இடம் இதுதான் என்று தமிழறிஞர் கால்டுவெல் அன்றே ஊர்ப்பெயரை வைத்துச் சொன்னார்.

அங்கே அடித்த காசு எங்கே?

பாண்டியரின் முதல் பொற்காசுகள் அரிதிலும் அரிது. இரண்டு கயல்மீனோடு ‘அவனிபசேகரன்’ என்ற பெயர் தாங்கிய காசு அவற்றில் ஒன்று. அந்தப் பெயர் ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் பட்டப்பெயர்.

காசு போனாலும் கணக்கு கல்லில் நிற்கிறது. அம்பாசமுத்திரம் கல்வெட்டில் பாண்டியன் வரகுண மகாராசன் இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுக்கிறான். முதல் கெடக்கூடாது, காசுக்கு 2 கலம் நெல் பொலி (வட்டி), ஆண்டுக்கு 580 கலம், அத்தனையும் கோயிலுக்கு. திருச்செந்தூருக்கு அவன் வம்சம் வைத்த முதலோ 1400 காசு! தாமிரபரணி நெல்லை நம்பி எழுதிய கணக்கு இது.

பழங்காசு உலைக்குப் போனால் அதன் எழுத்தும் போய்விடும். வயலில் ஒன்று கிடைத்தால் ஆசாரியிடம் கொண்டுபோகாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவியுங்கள்.