சாணைக்கல் அறியாத எஃகு

பக்ரீதுக்கு முந்தைய வாரம் பெங்களூர் சிவாஜிநகரின் ஓசையே மாறிவிடுகிறது. 1927ல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் சாணைக்கல் சக்கரங்கள் ஓயாமல் சுழல்கின்றன. கசாப்புக் கடைக்காரர்களும் பிரியாணி மாஸ்டர்களும் சாக்குப் பையில் சுற்றிய கத்திகளோடு காத்து நிற்கிறார்கள். தமிழில் தொடங்கும் பேரம் உருதில் வளர்ந்து கன்னடத்தில் முடிகிறது. தீப்பொறி பறக்க, சில நிமிடங்களில் மழுங்கிய கத்தி பளபளவென்று கைக்குத் திரும்புகிறது.

கொஞ்சம் தள்ளி இருக்கிறது குஜரி. ஆயுள் முடிந்த கார்களும் வேன்களும் இங்கே அக்கக்காகப் பிரிக்கப்படுகின்றன. கண்ணாடி ஒரு கடைக்கு, கதவு ஒரு கடைக்கு. ஸ்பிரிங் பட்டைக்கு மட்டும் எப்போதும் தனி மதிப்பு. கொல்லர்களைக் கேட்டால் அதுதான் நல்ல இரும்பு என்பார்கள். தென்னிந்தியாவில் அரிவாளும் வெட்டுக்கத்தியும் பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிக்கப்படுகின்றன.

சிவாஜிநகர் பட்டாளத்தால் வளர்ந்த பேட்டை. 1809ல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்தபோது மதராஸ் ராணுவத்தோடு தமிழ்ச் சிப்பாய்களும் சமையல்காரர்களும் வியாபாரிகளும் வந்து இறங்கினார்கள். அன்று இதன் பெயர் பிளாக்பள்ளி. பக்கத்திலேயே அல்சூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம். இரண்டாம் உலகப் போரில் இந்தப் படையின் தமிழர்கள் மலேயாவிலும் பர்மாவிலும் ஜப்பானியரை எதிர்த்துப் பாலம் கட்டினார்கள், கண்ணிவெடி அகற்றினார்கள்.

போரின் முடிவில் ஜப்பானிய அதிகாரிகள் எல்லோர் முன்னிலையிலும் வாளை ஒப்படைத்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார் மவுன்ட்பேட்டன். 1945 நவம்பரில் சைகோனில் ஃபீல்ட் மார்ஷல் தெராவுச்சி அவரிடம் இரண்டு வாள்களைத் தந்தார். அதில் குட்டை வாள் அரசர் ஆறாம் ஜார்ஜுக்குப் போய், வின்ஸர் கோட்டையில் சேர்ந்தது. மற்ற அதிகாரிகளின் வாள்கள் பிரிட்டிஷ், இந்திய அதிகாரிகளின் பெட்டிகளில் நினைவுப் பொருளாகக் கரையேறின.

அவற்றில் பல ஆலையில் செய்தெடுத்த ராணுவச் சரக்கு. ஆனால் சில அதிகாரிகள் பாட்டன் முப்பாட்டன் வாளையே ராணுவ உறையில் செருகிக் கொண்டு போருக்கு வந்திருந்தார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிடியில் இருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து உள்ளே பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில் கொல்லன் தன் பெயரை வெட்டியிருப்பான். அந்தக் காம்பில் ஏறிய கறுத்த துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. பாலிஷ் போடுகிறேன் என்று அதைச் சுரண்டினால் சாட்சி அழிந்தது.

வாகிஸாஷி என்ற குட்டை வாள் சுமார் 30 முதல் 60 சென்டிமீட்டர் நீளம். அதைவிடக் குறைந்தது தான்டோ. சாமுராய் இன்னொருவர் வீட்டுக்குள் நுழையும்போது நீள வாளைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். குட்டை வாள் இடுப்பிலேயே இருக்கும். அதன் அழகு முனைக்குச் சற்று மேலே ஓடும் வெண்மையான அலைக்கோட்டில் இருக்கிறது. முதுகில் தடித்த களிமண்ணும் முனையில் மெல்லிய களிமண்ணும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். முனை சட்டென்று ஆறிக் கடினமாகிறது. முதுகு மெதுவாக ஆறி வளைந்து கொடுக்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் அந்தக் கோடு. ஜப்பானில் வாளைத் தீட்டுபவர் தனித் தொழில்காரர். ஒன்றன்பின் ஒன்றாகக் கல் மாற்றி, தண்ணீர் விட்டு, கையாலேயே வாரக்கணக்கில் தேய்க்கிறார். சந்து முனைச் சக்கரத்தில் கொடுத்தால் ஐந்தே நிமிடம். சூட்டில் முனையின் பதம் போகும், கோடு கலங்கும், எஞ்சுவது ஆட்டுக்கறி வெட்டலாம் என்ற அளவில் ஒரு கத்தி.

சாணைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மண்ணின் எஃகுக்கே அந்த மரியாதை கிடைக்கவில்லை.

1800ல் மைசூர் ராஜ்யத்தைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், எஃகு உருக்கும் உலைகளை நேரில் பார்த்து எழுதிவைத்தார். கன்னடத்தில் அது உக்கு, தமிழில் உருக்கு. ஆங்கிலேயர் வாயில் ஊட்ஸ் ஆனது. இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையையும் பச்சை இலையையும் மண் மூசையில் வைத்து, வாயை மூடி, துருத்தி போட்டுக் காய்ச்சுவார்கள். சேலம் பக்கத்தில் எருக்கிலை. மூசைக்குள் இரும்பு கரியை உறிஞ்சி உருகி, முஷ்டியளவு கட்டியாக உறையும். அந்தக் கட்டிகள் கப்பலேறிப் போய் அரபு நாடுகளிலும் பாரசீகத்திலும், நீர் ஓடுவது போல வரி தெரியும் டமாஸ்கஸ் வாள்களாயின. பக்கத்துச் சென்னபட்டணத்திலோ எஃகு, வாத்தியங்களுக்குக் கம்பியாக இழுக்கப்பட்டது. மைக்கேல் ஃபாரடே கூட லண்டனில் ஊட்ஸை ஆராய்ந்து மூளையைக் கசக்கினார்.

பிறகு மலிவான ஆங்கில எஃகு வந்தது. காட்டில் கரி சுடக் கட்டுப்பாடு வந்தது. வாள் தாங்கிய பாளையங்கள் போயின. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கைப்பக்குவம் கொல்லர்களோடு மண்ணுக்குள் போனது.

ஜப்பானுக்கும் இதே கதி வந்திருக்க வேண்டியது. 1876ல் பொது இடத்தில் வாள் அணியத் தடை. 1945க்குப் பின் அமெரிக்கப் படை வாள்களைக் குவியல் குவியலாகப் பறித்தது. ஆனால் 1948லேயே வாள் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் பிறந்தது. 1977ல் அது ஷிமானே மாவட்டத்தில் பழைய முறை உலையை மீண்டும் மூட்டியது. இரும்பு மணலையும் கரியையும் மூன்று நாள் இரவு பகலாகக் கொட்டி எடுக்கும் அந்த எஃகு, உரிமம் பெற்ற கொல்லர்களுக்குப் பங்கிடப்படுகிறது. உரிமத்துக்கு ஐந்தாண்டு குருகுலவாசம். அதன் பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் அடிக்கக் கூடாது. அவசரத்தில் தரம் கெடும் என்ற பயம்.

இங்கே தேடல் தாமதமாகத்தான் தொடங்கியது. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் தமிழகத்தின் மேல்சிறுவளூரில் உடைந்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்து, அங்கே உருக்கு காய்ச்சியதை உறுதிசெய்தார். இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதனோடு சேர்ந்து 2004ல் நூலும் எழுதினார். 2023ல் திப்புவின் படுக்கையறை வாள் லண்டன் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனபோது உலகமே வாயைப் பிளந்தது. அந்த விலை திப்புவின் பெயருக்கு. உக்கு காய்ச்சத் தெரிந்த கொல்லனின் பெயர் எந்தக் காம்பிலும் இல்லை.

குஜரியில் தராசு இறங்குகிறது. ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம், வெறும் இரும்பு மறுபக்கம். கைப்பிடி கழன்ற பழங்கத்தி ஒன்று வந்தால், அது எந்தப் பக்கம் என்று யாரும் யோசிப்பதில்லை. துரு ஏறியிருக்கிறதா, எடையில் சேர்.