நாலு விரல் நிழல்

ஜூன் 14, சனி

மூக்குக்கு இரண்டு பக்கமும் மங்கு பரவிவிட்டது. வெயில் படாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் களிம்பு தடவிப் பலனில்லை என்று தோல் டாக்டரம்மா அழுத்திச் சொல்லிவிட்டார். வானம் மூடியிருந்தாலும் அசட்டையாக இருக்கக் கூடாதாம். மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி இறங்கிவிடுமாம். சாரல் மாதத்தில் நாம் வெயிலே இல்லை என்று நினைத்துக்கொண்டு நடக்கிறோம்.

குடை பிடிக்கலாம்தான். ஆனால் நாளை ஆனி பிறக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வருகிற காற்று மேலகரம் வயலில் இறங்கிவிட்டால் எந்தக் குடையும் நிமிர்ந்து நிற்காது. ஜூலை 6 அன்று தெருக்காரர்கள் சேர்ந்து வேனில் தனுஷ்கோடி போகிறோம். அரிச்சல்முனையில் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. மடித்துப் பையில் போடுகிற தொப்பி ஒன்று வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

“ஏளா, துண்டு கெடக்கையில தொப்பி எதுக்கு?” என்றாள் அம்மா.

நாற்பது வருஷம் நடவுக்குப் போனவள். துண்டை நெற்றி வரை இறக்கிப் பிடரியில் முடிச்சுப் போட்டால் காது, கழுத்து எல்லாம் மறைந்துவிடும். வியர்வை துடைக்கலாம், சும்மாடு கூட்டலாம், நனைந்தால் பிழிந்து மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். நான் தேடுகிற குணமெல்லாம் அதற்கு உண்டு. ஒன்று மட்டும் இல்லை: மூக்கின் மேல் நிழல் விழாது.

விளக்கடியில் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவள் கன்னத்திலும் இதே மங்கு. இத்தனை வருஷமும் அதை அவளுடைய நிறம் என்றே நினைத்திருந்தேன்.

ஜூன் 21, சனி

குற்றாலம். சீசன் கடைகளில் தொப்பி தோரணமாகத் தொங்குகிறது. வைக்கோல் நிறத்தில் ஒன்று வாங்கினேன். ஐந்தருவிப் பக்கம் சாரலில் பத்து நிமிஷம் நின்றதும் விளிம்பு தொய்ந்து காதோடு ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் முறுக்கிய காகிதம். ஓலை மாதிரி தெரிகிற மலிவுத் தொப்பிகளில் பல இப்படித்தான்.

நிஜ ஓலை வேண்டுமென்றால் மணப்பாட்டுக்குப் போகவேண்டும். அந்தப் பெண்கள் பனையோலையில் பின்னுவதை நின்று பார்த்திருக்கிறேன், அத்தனை நேர்த்தி. ஆனாலும் காய்ந்த ஓலையை மடித்தால் மடிப்பில் கீறிவிடும். பனாமா என்ற பெயரில் ஈக்வடார் நாட்டில் நெய்கிற தொப்பி சுருட்டுவதற்குப் பேர்போனது. அந்த நெசவை 2012இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதையும் காய்ந்த நிலையில் அடிக்கடி சுருட்டினால் விரிசல் விடும். பயணத்துக்குத் துணிதான் சரி.

ஜூன் 25, புதன்

தையல்கடை அண்ணாச்சியிடம் போனேன். இதுவரை தொப்பி தைத்ததில்லை என்றார், ஆனால் ஆர்வமாகக் கேட்டார். விளிம்பு எவ்வளவு என்றதற்கு நாலு விரலைச் சேர்த்துக் காட்டினேன். மூன்று அங்குலம் வரும்.

“காலர் கேன்வாஸ் வைக்கட்டா டீச்சர்?”

“மடிச்சா கோடு விழுமே, அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப துணியவே ரெண்டா வச்சு, சுத்திச் சுத்தி மெஷின் ஓட்டிருவோம். தையலே அதை நிமுத்திப் பிடிக்கும்.”

மேலே கெட்டிக் காடாத் துணி. துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டினார்; வெளிச்சம் ஊசிமுனை அளவுகூட வரவில்லை. விளிம்பின் அடிப்பக்கம் கருநீலப் பாப்ளின் கேட்டேன். வெள்ளையாக இருந்தால் கீழிருந்து வருகிற வெளிச்சத்தை முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

ஜூலை 1, செவ்வாய்

தொப்பி வந்துவிட்டது. விளிம்பில் கால் அங்குலத்துக்கு ஒரு சுற்றாகப் பதினோரு சுற்றுத் தையல், ஓரத்தில் கிராஸ் பீஸ் வைத்துப் பட்டி. நாலாய் மடித்துத் தலையணைக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தேன். எடுத்து ஒரு உதறு உதறியதும் விரிந்துகொண்டது.

காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்கத் தென்காசிக்கே போனேன். காசி விசுவநாதர் கோயில் கோபுரவாசல் காற்று ஆளைத் தள்ளும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். இடிந்து மொட்டையாய்க் கிடந்து 1990இல் மறுபடி எழும்பிய கோபுரம். சுமார் 180 அடி. சன்னதித் தெருவில் நின்றேன். நாடா கட்டாமல் இருந்தபோது முதல் வீச்சிலேயே தொப்பி கைக்கு வந்துவிட்டது. தாடைக்குக் கீழே முடிந்த பிறகு விளிம்பு மட்டும் படபடத்தது, தொப்பி அசையவில்லை. ஒற்றை நாடா பின்னால் இழுக்கிறது. காதுக்கு முன்னாலும் பின்னாலும் பிரிந்து வருகிற மாதிரி மாற்றித் தைக்கச் சொல்லவேண்டும். கழற்றி, மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சாமி கும்பிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

அரிச்சல்முனை, மத்தியானம். மேலேயிருந்து வந்த வெயிலைத் தொப்பி நிறுத்திவிட்டது. மூக்கில் நல்ல நிழல். ஆனால் மணலும் அலை நுரையும் வெளிச்சத்தைக் கீழிருந்து அள்ளி வீசுகின்றன. கருநீலத் துணி அதைத் திருப்பி அனுப்பாது, ஆனால் நேராக வருவதை அது எப்படித் தடுக்கும்? கன்னம் காந்தியது.

அம்மா தன் மடியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்தாள். என் மூக்குக்குக் கீழே சுற்றி, தொப்பி நாடாவுக்கு அடியில் கொடுத்துப் பிடரியில் முடிந்தாள். பிறகு என் தொப்பி விளிம்பைத் தொட்டு, தையல் சுற்றுகளை விரலால் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தாள்.

“அண்ணாச்சிட்ட எனக்கும் ஒண்ணு சொல்லு” என்றாள்.