மலையோரம் – 5: தேக்கடியின் காவலர்கள்

சென்ற வாரம் சுருளி அருவியில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் கடந்து மலையேறினால் குமுளி. கேரள எல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் தேக்கடிப் படகுத்துறை. பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டோம்.

படகு கிளம்பியதும் முதலில் கண்ணில் படுபவை தண்ணீருக்கு மேல் நிற்கும் பட்ட மரங்கள். உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்கின்றன. முல்லைப் பெரியாறு அணையில் நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் இவை. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அந்த அணைதான் சுமார் 26 சதுர கிலோமீட்டர் ஏரியை உண்டாக்கியது. மேற்கே ஓடிய தண்ணீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள்.

ஏரி வந்த பிறகுதான் காட்டுக்குக் காவல் வந்தது. சுற்றியிருந்த வனம் 1899இல் காப்புக்காடானது. 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம், 1950இல் பெரியாறு சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். 1982இல் நடுக்காட்டின் 350 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாயிற்று.

ஆனால் அறிவிப்புகளால் மட்டும் மரங்கள் பிழைக்கவில்லை. பிழைப்புக்கு வழியில்லாதவர்கள் விறகுக்கும் வயணா (காட்டு இலவங்கம்) மரப்பட்டைக்கும் திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வனத்துறை அவர்களையே அழைத்துப் பேசியது. பட்டை உரித்தவர்கள் குழுவாகச் சேர்ந்து, பயணிகளுக்கு வழிகாட்டவும் இரவில் ரோந்து போகவும் தொடங்கினார்கள்.

எங்களைக் காட்டுக்குள் நடத்திச் சென்றவரும் அப்படி மாறிய ஒருவர். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணியுறை கட்டிவிட்டார். ஒரு வயணா மரத்தடியில் நின்று, “சுத்தி உரிச்சா மரம் பட்டுப்போயிரும் சார். அப்ப அது தெரிஞ்சேதான் உரிச்சோம்” என்றார். யானை எந்தத் தடத்தில் இறங்கும், திருடர்கள் எந்த ஓடையோரம் தங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தப் பயிற்சிப் பள்ளியும் தர முடியாத அறிவு அது.

ஊர்ப் பெண்களும் பின்தங்கவில்லை. ‘வசந்த சேனை’ என்ற குழுவாக 2002 முதல் கூலி வாங்காமல் காட்டோரம் ரோந்து போகிறார்கள். விறகுக்காக இதே காட்டை நம்பியிருந்த வீடுகளின் பெண்கள் இவர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்களும் மதுரையின் கால்வாய்களும் இந்த ஏரியை நம்பியிருக்கின்றன. ஏரியோ, மழையைப் பிடித்து மண்ணைக் கட்டிவைக்கும் காட்டை நம்பியிருக்கிறது. அணையின் நீர்மட்டத்தைப் பற்றிக் கேரளத்தோடு இத்தனை ஆண்டுகளாகப் பேசும் நாம், அந்தக் காட்டைக் காப்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களுக்கு நிலையான வருமானமும் மரியாதையும் கிடைப்பது நம் வயலுக்கும் பாதுகாப்பு.

அடுத்த வாரம், இதே காட்டின் மலையுச்சியில் சித்திரை முழுநிலவன்று மட்டும் பக்தர்களுக்காகத் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில்.