பின்பனிப் பாலை

இருபது ஆண்டுகளாக வகுப்பில் பாலைத்திணை நடத்தி வருகிறேன். பாலைவனத்தைக் கண்ணால் கண்டது சென்ற ஜூன் மாதத்தில்தான். சாந்தோமில் பிறந்து, உப்புக்காற்றில் துருவேறிய சன்னல் கம்பிகளைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு நெய்தல் தவிர வேறு நிலம் அத்தனை பழக்கமில்லை. தமிழகத்தில் பாலை எங்கே இருக்கிறது ஐயா என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். தொல்காப்பியர் பெயர் சுட்டி வகுத்த நிலங்கள் நான்குதான். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறார் இளங்கோ என்று வழக்கமான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன்.

என் தம்பிக்கு இந்த விடை தேவைப்பட்டதில்லை. பதினேழு ஆண்டுகள் ஷார்ஜாவில் வேலை பார்த்தவன். பொருள்வயிற் பிரிவு என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் அவன் மாதந்தவறாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு மாடி எழுந்ததும் அப்பாவுக்கு மருத்துவம் நடந்ததும் அந்தப் பணத்தில்தான். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு ஆண்டுகளில் அவன் வந்தது ஒரே முறை, பன்னிரண்டு நாள். இறந்தபோது அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை நான் ஒருநாளும் அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லவில்லையே தவிர, அதன்பின் ஓராண்டாகத் தொலைபேசியில் நலம் விசாரிப்பதற்கு மேல் பேசியதும் இல்லை.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தவன் ஒருநாள், "அண்ணா, வண்டியில் லடாக் போகலாமா? அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவாம்" என்றான். பாலை கடக்கத் துணியும் தலைவனைத் தலைவி தடுப்பது மரபு. என் மனைவி கம்பளிக் காலுறைகள் வாங்கி வந்து கொடுத்தாள்.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைமேகங்களை இமயத் தொடர்கள் மறித்துவிடுவதால் ஆண்டு முழுவதற்கும் அங்கே சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். ஐப்பசியில் நம் ஊர் ஒரே நாளில் வாங்கிக்கொள்கிற மழை அது. முதல் இரண்டு நாள் உயரத்திற்கு உடம்பு பழகுவதற்காக அறையிலேயே கிடந்தோம். சன்னலுக்கு வெளியே மரமற்ற மலைகள். வெயிலில் உச்சி எரிந்தது, நிழலில் விரல் விறைத்தது. வேனிலோடு பின்பனியும் பாலைக்கு உரியது என்று தொல்காப்பியர் சொல்லியிருப்பதை நான் எப்போதும் ஒரு விதிவிலக்கைப் போல விரைந்து கடந்துவிடுவேன். அந்த அறையில் போர்வைக்குள் கிடந்தபோதுதான் அதை முதல்முறையாக யோசித்துப் பார்த்தேன்.

இரண்டு புல்லட்டுகளை வாடகைக்கு எடுத்தோம். 1955இல் சென்னையில் உருவாகத் தொடங்கிய வண்டி என்பதால் எனக்கு ஓர் அசட்டு உரிமையுணர்வு. கர்துங் லா கணவாயில் காற்று மெலிந்து, வண்டி என்னைப் போலவே மூச்சு வாங்கியது. உயரம் 18,380 அடி என்று பெயர் பெற்றுவிட்ட கணவாய் அது. பிற்காலத்தில் அளந்தவர்கள் ஏறத்தாழ 17,580 அடிதான் என்கிறார்கள். மூச்சுத் திணறுகிறவனுக்கு 800 அடி ஒரு பொருட்டில்லை.

இறங்கினால் நுப்ரா பள்ளத்தாக்கு. ஹுண்டரில் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு. எல்லாரும் படமெடுக்கிற இடம், நாங்களும் எடுத்தோம். லேயிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், சியாச்சின் செல்லும் வழியில் பனாமிக். கந்தகம் கலந்த ஊற்று. மூட்டுவலிக்காக உள்ளூர் முதியவர்கள் வந்து குளிக்கிறார்கள். அன்று ஒருவர் தன் தந்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து தொட்டியருகே உட்காரவைத்து முதுகில் நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கிழவர் ஏதோ கடிந்துகொண்டார். மகன் இன்னும் கொஞ்சம் தண்ணீரை விளாவினார். தம்பி குளிக்காமலே வெளியே போய்விட்டான். நான் பின்னால் போகவில்லை. இப்போதாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை எழுதுவதற்கு இன்று வெட்கமாக இருக்கிறது.

லேக்குத் திரும்பி, உப்ஷியில் மணாலிச் சாலையை விட்டுப் பிரிந்து, சிந்து நதியோடு கிழக்கே போனோம். சுமதாங்கில் ஆற்றின் விளிம்பிலேயே கொதிநீர் பீறிடுகிறது. ஒரு முழம் தள்ளிச் சிந்து பனிநீராக ஓடுகிறது. மாலையில் தங்கும் விடுதியில் இரண்டு வாளிகளில் ஊற்றுநீர் வைத்தார்கள். தம்பி தன் வாளியருகே குந்தியிருந்தான்.

"அப்பாவுக்கு எவ்வளவு சூடு வேண்டும் அண்ணா?"

முழங்கையை விட்டுப் பார்ப்பேன் என்றேன். அவன் சட்டைக் கையை மடித்து முழங்கையை விட்டான், சுட்டது. பச்சைத்தண்ணீர் விளாவினேன். மறுபடி விட்டான். இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்றாம் முறை, இதுதான் என்றேன். அப்படியே முழங்கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தான். இந்தச் சூட்டிலும் அவர் சில நாள் கத்துவார், நானும் திருப்பிக் கத்தியிருக்கிறேன், கடைசி வாரத்தில்கூடக் கத்தினேன் என்று சொன்னேன். என் மனைவியிடமும் சொல்லாத செய்தி அது. "நீயாவது கத்துவதற்குப் பக்கத்தில் இருந்தாய்" என்றான்.

மறுநாள் மாஹே பாலம் தாண்டி, சும்தோவிலிருந்து பிரிந்து பூகா பள்ளத்தாக்கு. சுமார் 4,400 மீட்டர் உயரம். தரையெங்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது; வெண்காரமும் கந்தகமும். சேற்றுக்குழிகள் கொப்புளிக்கின்றன. இந்த நிலவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க 2021இல் ஓ.என்.ஜி.சி.யின் துணை அமைப்பு உடன்பாடு செய்துகொண்டது. முதற்கட்டம் ஒரு மெகாவாட். இந்தியத் தட்டும் ஆசியத் தட்டும் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் மோதியபோது இடையிலிருந்த டெதிஸ் கடல் மூடிக்கொண்ட தையல், சிந்துவை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கடலடிப் பாறைகள் இன்றும் இந்த மலைகளில் இருக்கின்றன. ஆக, நான் பாலை என்று தேடி வந்தது ஒரு பழைய நெய்தலை. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், சொல்லத்தான் போகிறேன்.

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 85 பாகையிலேயே கொதித்துவிடும். சும்தோவுக்குத் திரும்பி ஒரு கூடாரக் கடையில் தேநீர் வாங்கினோம். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைப் பார்த்தான்.

"அப்பாவாக இருந்தால் இதைத் திருப்பி அனுப்பியிருப்பார்."

"அனுப்பியிருக்க மாட்டார். கீழே கொட்டியிருப்பார்" என்றேன்.

கடைக்காரப் பெண்மணி எங்கள் சிரிப்புக்குக் காரணம் தெரியாமல் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கொண்டுவந்து வைத்தார்.