கையைத் தொடாமல் பிரஷர் பார்க்க முடியாது

ஜமுனாமரத்தூரிலிருந்து மண் பாதையில் உள்ளே போனால் வரும் ஊர் அது. பெயர் வேண்டாம். எழுபது வீடு இருக்கும். அங்கே நான் முதல்முறை பிரஷர் கருவியோடு போய் உட்கார்ந்தபோது, ஊர்க் கவுண்டர் திண்ணையில் இருந்தபடியே மூன்று கேள்வி கேட்டார்.

"கீழ எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, காலனியா? அப்பா இன்னா வேலை?"

ஆம்பூர் பக்கம், காலனி, தோல் ஷாப்பு. மூன்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். சமூகவியலில் முதுகலை படித்தவளுக்கு அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரியாதா? அவர் முகம் சுளிக்கவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல, பொம்பளைங்களுக்குப் பாரு" என்று எழுந்து போய்விட்டார்.

ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரோடு கவுண்டர் என்று சேர்த்துக்கொள்வார்கள். வனத்துறையின் காக்கியைக் கண்டு காலங்காலமாக ஒதுங்கி நின்றவர்கள். ஆனால் கீழேயிருந்து வரும் ஒரு பறச்சியின் முன்னால் அவர்களுக்கும் ஒரு படி உயரம் இருக்கிறது. நாம் மேடையில் 'தலித் - பழங்குடி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மலையில் அந்த நடுக்கோட்டை நடந்துதான் கடக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. காய்ச்சலைத் தொடாமல் பார்க்கலாம், கொரோனா காலத்தில் பார்த்தோம். பிரஷரைத் தொடாமல் பார்க்க முடியாது. சட்டைக் கையை மேலே தள்ள வேண்டும், பட்டையைச் சுற்ற வேண்டும், கையை இதயத்தின் மட்டத்துக்கு ஏந்தி வைக்க வேண்டும். அதற்கு முன் அந்த மனிதர் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரைக் கண்டு பயமோ அவர் முன்னால் அப்படி உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் எண் ஏறிக் காட்டும். 140-க்கு 90-ஐத் தாண்டி நின்றாலும் வலி இருக்காது, பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரியாது. யாராவது கையைப் பிடித்துப் பார்த்தால்தான் உண்டு. அதையும் ஒரு முறை பார்த்தால் போதாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

என் அப்பாவின் கையை யாரும் அப்படிப் பிடிக்கவில்லை. 2009. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தலை சுற்றுகிறது என்றதால் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடி உதவியாளரைப் பட்டை சுற்றச் சொன்னார். 190-க்கு 110. ஊரையும் வேலையையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாட்டுக்கறி, கருவாடு, சாராயம்னு இருந்தா இப்படித்தான் வரும். உங்க ஆளுங்களுக்குச் சொன்னாலும் புரியாது" என்றார். அப்பா வாழ்க்கையில் குடித்ததே இல்லை.

ஷாப்பில் அவர் வேலை, உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை உதறுவது. வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூட உப்பு இருக்கும். அந்த உப்பால்தான் பிரஷர் வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஒரு மாத மாத்திரை தீர்ந்த பிறகு அவர் அங்கே திரும்பப் போகவில்லை. போனால் அரைநாள் கூலி போகும். அதைவிட, மகள் எதிரில் அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்க வேண்டும். பதினான்கு மாதம் கழித்து ஷாப்பிலேயே விழுந்தார். வயது 52.

அதன்பிறகு நான் படித்த பலவற்றுக்கும் வேர் அந்த மேசைதான். அமெரிக்காவில் கருப்பின மக்களிடம் உயர் ரத்த அழுத்தம் மிக அதிகம். அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, அடிமைக் கப்பலில் உப்பைத் தக்கவைத்துக்கொண்ட உடல்களே பிழைத்தன என்றெல்லாம் ஒரு விளக்கம் ரொம்ப நாள் சுற்றியது. வரலாற்று ஆய்வாளர்கள் அதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். 1997-இல் ரிச்சர்ட் கூப்பரும் அவருடைய குழுவினரும் மேற்கு ஆப்பிரிக்க வேர் கொண்ட மக்களை மூன்று இடங்களில் அளந்து வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், கரீபியன் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. வேர் ஒன்றுதான். வாழும் இடம் மாற மாற எண் ஏறுகிறது. உணவு, உடல் எடை, வேலை, நடத்தப்படும் விதம் எல்லாம் அந்த ஏற்றத்தில் இருக்கின்றன. "உங்க ஆளுங்க" என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை.

நம் பக்கமும் கதை அதுதான். 'பழங்குடிக்குப் பிரஷர் வராது, அவங்க தேனும் தினையும் சாப்பிடுறவங்க' என்று படித்தவர்களே சொல்வார்கள். ஒன்றிய அரசு அமைத்த, அபய் பங் தலைமையிலான பழங்குடியினர் நலவாழ்வுக் குழு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், வயது வந்த பழங்குடியினர் நான்கு பேரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் என்கிறது. மலையில் சாமையும் கேழ்வரகும் இன்னும் விளைகின்றன. ஆனால் பல வீட்டில் அன்றாடம் கொதிப்பது ரேஷன் அரிசி. ஒரு பாட்டி சொன்னார்: அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது உப்பு போளூர்ச் சந்தையிலிருந்து தலைச்சுமையாக வரும், கைப்பிடி உப்பைப் பத்து நாள் வைத்துக்கொள்வார்களாம். இப்போது பாக்கெட் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது.

இனி, நான் செய்த காரியம். நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா. இரண்டு வாரம் விட்டு இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் 160-க்கு மேல். நான் என்ன சொன்னேன்? "உப்பைக் குறைங்கக்கா. ஊறுகாய், கருவாடு வேணாம். டென்ஷன் ஆகாதீங்க." அவர் சிரித்தார். அவருடைய வீட்டுக்காரர் மரம் வெட்டப் போய் ஆந்திராவில் வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தவர். 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ஆந்திரா எண்ணிலிருந்து போன் வந்தாலே இந்த மலையில் பலருக்குக் கை நடுங்கும். அவரிடம் போய் டென்ஷன் ஆகாதீங்க என்றேன். உப்பைக் குறைப்பது தவறான அறிவுரை இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, குறைத்தால் அழுத்தம் இறங்கும். ஆனால் நான் சொன்ன தொனியில் அந்த மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் கொஞ்சம் இருந்தார். பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

மாத்திரை தொடங்கியது. அம்லோடிபின் 5 மி.கி., நாளுக்கு ஒன்று, விலை மலிவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் பெண் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது மக்கள் வீட்டில் இருப்பார்கள் என்று நம்பும் திட்டம். அக்கா டிசம்பரில் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனார். கையில் ஒரு மாத மாத்திரை. பறிக்கிற எடைக்குத்தான் கூலி. வாங்கிய முன்பணம் கழிகிற வரை நகர முடியாது. மொழி தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி எங்கே என்று யாரைக் கேட்பார்? என் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே ஜனவரியில் 'தொடர்பில் இல்லை' என்று எழுதினேன், பிப்ரவரியிலும் அதையே எழுதினேன். மார்ச்சில் மேஸ்திரியின் வேனில் திரும்பி வந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன.

விழிப்புணர்வு என்ற சொல்லை நான் சந்தேகிக்கத் தொடங்கியது அன்றைக்கு. அக்காவுக்கு எந்த விழிப்புணர்வு குறைந்தது? தொடர்பில் இல்லாமல் போனது அவரா, நானா?

அந்தச் சமயத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் சலூன் ஆய்வைத் தேடிப் படித்தேன். ரொனால்ட் விக்டர் என்ற இதயநோய் மருத்துவர் நடத்தியது, 2018-இல் வெளியானது. கருப்பின ஆண்கள் மருத்துவமனைக்கு வரமாட்டார்கள், ஆனால் முடிவெட்டிக்கொள்ள அதே சலூனுக்கு வருடக்கணக்கில் போவார்கள். 52 சலூன்கள், 319 ஆண்கள். ஒரு பாதி சலூன்களில் முடிவெட்டுபவர் அறிவுரை சொல்லி மருத்துவரிடம் போகச் சொன்னார். மறுபாதியில் மருந்தாளுநர் சலூனுக்கே வந்து, அளந்து, மருத்துவரோடு பேசிவைத்த முறைப்படி அங்கேயே மருந்தை எழுதிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் அறிவுரை கேட்டவர்களுக்கு மேல் எண் சராசரியாக 9 இறங்கியது. மருந்தாளுநர் வந்த இடத்தில் 27 இறங்கியது. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் 9-இன் பக்கம் இருந்தேன்.

படித்துவிட்டுச் சிரிப்பும் வந்தது. நம் நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கே மருத்துவர் என்றுதான் பெயர். கட்டி அறுத்ததும் பிரசவம் பார்த்ததும் அவர்கள்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் இப்போது கண்டுபிடித்ததை நம் மொழி எப்போதோ பெயராக வைத்திருக்கிறது. ஆனால் நம் கிராமத்து சலூனை எடுத்துக்கொள்ளுங்கள். சேரிக்காரன் தலையில் கத்தி வைக்க முடியாது என்று இன்றைக்கும் திருப்பி அனுப்புகிறார்கள், வைத்தால் ஆதிக்க சாதி அந்த ஏழைத் தொழிலாளியின் கடையையே மூடவைக்கிறது. கருப்பின மக்களுக்குச் சலூன் சொந்த இடம். நமக்கு அது தீண்டாமை வழக்குப் பதிவாகும் இடம். அங்கிருந்து ஆய்வை அப்படியே இறக்கிக் கொண்டுவர முடியாது.

மலையில் எல்லாரும் தவறாமல் வந்து நிற்கிற இடம் எது என்று யோசித்தோம். மேஸ்திரி வேன் வந்து நிற்கும் இடம்தான். சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பேசி, வெளியூர் போகிறவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கச் சம்மதம் வாங்கினோம். வேன் கிளம்பும் முன்னிரவு போய் உட்கார்ந்தோம். ஒருத்தரும் வரவில்லை. ஒரு பையன்தான் காதோடு சொன்னான்: "யாருக்குப் பிரசர் இருக்குன்னு தெரிஞ்சா மேஸ்திரி ஏத்த மாட்டாருக்கா. முன்பணத்தத் திருப்பிக் கேப்பாரு." எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை இடத்தை மாற்றினோம். வேன் நிற்கும் மரத்துக்குப் பின்னால் ஒரு வீடு, வாசலில் சாக்கு, இரண்டு நாள் முன்னதாகவே. வந்தார்கள். மாத்திரை அட்டையைச் செல்போனில் படம் எடுத்துக் கொடுக்கிறோம், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் காட்ட. சிலர் இன்னும் விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து லயத்தில் மழையில் நனைந்துபோன மாத்திரைகளையும் பார்த்திருக்கிறேன்.

அக்கா இப்போது இடது கையை நீட்டுகிறார். போன மாதம் 138-க்கு 86. "உப்ப கொறச்சிட்டேன் மேடம்" என்று கிண்டலாகச் சொன்னார். மேடம் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை.

ஊர்க் கவுண்டர் இன்னும் என்னிடம் கை நீட்டவில்லை. அவருடைய மருமகள் மகளிர் குழுவில் இருக்கிறாள். பட்டை சுற்றக் கற்றுக்கொண்டு, கருவியை ஒரு ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று கேட்டாள், கொடுத்தேன். மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்தாள்: 172 / 98, சாப்பிட்ட பிறகு. சாப்பிடும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து இன்னொரு முறை பாரு என்று கருவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.